கேட்காமல் வந்த தானம்

லினக்ஸில் க்னோம் முகப்பைப் பயன்படுத்துகிறவர்கள் பல வருடம் சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. மின்னஞ்சலோடு ஒரு படத்தை இணைக்கப் போனால் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். அதில் படங்களின் சிறுவடிவங்கள் கட்டம் கட்டமாகத் தெரியாது, பெயர்கள்தான் வரிசையாக நிற்கும். கேமரா வைத்த பெயரைப் பார்த்து எது பேரன், எது கோபுரம் என்று யார் கண்டது? சிறுபடம் காட்டுங்கள் என்ற கோரிக்கை 2004-ல் பதிவானது. அது பயனர் கைக்கு வந்தது 2023 மார்ச்சில், க்னோம் 44-ல். இடைப்பட்ட காலத்தில் ஜனங்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை, எழுதியே கொடுத்தார்கள். மூல நிரலில் இந்த வரியை எடு, அந்த வரியை வை என்று சொல்லும் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். பேட்சுகள் வந்தன, கிடந்தன, நிரல் நகர்ந்துபோனதால் பொருந்தாமல் போயின. பொறுக்காதவர்கள் பேட்சைத் தாங்களே ஒட்டித் தொகுத்து ஓட்டிக்கொண்டார்கள். அடியில் இருந்த பட்டியல் பகுதியே புதிதாக எழுதப்பட்ட பிறகுதான் காரியம் ஆயிற்று.

மைஎஸ்க்யூஎல் தரவுதளத்தின் 11472-ஆம் எண் பிழை 2005 ஜூனில் பதிவானது. அது தீராமல் கிடந்த வருடங்களில் அதற்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதும் ஆட்கள் இருந்தார்கள். கேலிதான். ஆனால் அடியில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது.

அந்த மனத்தாங்கல் நியாயமா? இதை மென்பொருள்காரர்கள் தங்கள் வீட்டு விவகாரமாக நினைக்கிறார்கள். எனக்கு இது தர்மத்தைப் பற்றிய பழைய கேள்வியாகவே படுகிறது. கேட்காமல் ஒருவன் ஒன்றைக் கொண்டுவந்து தருகிறான். வாங்கும் இடத்தில் இருப்பவனுக்கு அதனால் ஏதாவது கடன் உண்டாகிறதா?

எனக்கு இதில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். கூட்டுறவு வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லிப்ரெஆஃபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்கு வரும் பிழை அறிக்கைகளைப் பார்க்கிறேன். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. புதிதாக வரும் அறிக்கை ‘உறுதிப்படாதது’ என்ற நிலையில் நிற்கும். சொன்னபடி செய்து பார்ப்பேன். என் கணினியிலும் அதே கோளாறு வந்தால் ‘புதியது’ என்று மாற்றுவேன். வராவிட்டால் எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், மாதிரிக் கோப்பு தர முடியுமா என்று கேட்டுத் ‘தகவல் தேவை’ என்று வைப்பேன். முன்பு ஒழுங்காக இருந்து இப்போது கெட்டது என்றால், பழைய பதிப்புகளை அடுக்கி வைத்திருக்கும் களஞ்சியத்தில் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போய், எந்த மாற்றத்தில் கெட்டது என்று பிடிக்க வேண்டும். அதற்கு பைபிசெக்ட் என்பார்கள். மொத்த வேலைக்கும் பெயர் ட்ரையாஜ். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே போர்க்களத்தில் கொண்டுவந்த முறை அது. அடிபட்டவன் தளபதியா சிப்பாயா, நம் ஆளா எதிரியா என்று பார்க்காமல், காயத்தின் கடுமையை வைத்து யாரை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்தார். எங்கள் தொழிலில் ரத்தம் கொட்டுவதில்லை, அதனால் வரிசையில் கடைசியில் இருப்பவன் பத்து வருடம் அங்கேயே கிடக்கலாம்.

கோயில் மலர் தொகுக்கும் ஒரு பெரியவர் ஒரு பிழை எழுதியிருந்தார். ஆவணத்தில் ‘ஸ்ரீ’ என்று தேடினால் சில இடங்களை மட்டும் காட்டுகிறது, கண்ணெதிரே இருக்கும் மற்றவற்றைக் காட்டவில்லை. கேட்டவுடன் பிழை என்றுதான் தோன்றும். விஷயம் வேறு. 2005-ல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு அந்த எழுத்தை இரண்டு விதமாக உள்ளிட முடிகிறது. ஒன்று ‘ஸ’வில் தொடங்கும், இன்னொன்று ‘ஶ’வில். எழுத்துரு இரண்டையும் திரையில் ஒரே வடிவமாகக் காட்டிவிடும். அவருக்குக் கட்டுரை அனுப்பியவர்கள் ஆளுக்கொரு விசைப்பலகையில் அடித்திருந்தார்கள். இதை விளக்கி, ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளும் வழியையும் எழுதி, ‘எங்கள் பிழை அல்ல’ என்று மூடினேன். அவர் கேட்டது நடக்கவில்லை. ஆனாலும் நீளமாக ஒரு நன்றி எழுதினார், மலர் வந்ததும் பிரதி அனுப்புவதாகவும் சொன்னார்.

இன்னொரு திட்டத்துக்கு, பெயர் வேண்டாம், நான் ஒரு பேட்ச் அனுப்பினேன். தமிழ்ச் சொல் வரிக் கடைசியில் எங்கே உடையலாம் என்பது பற்றிய சின்னத் திருத்தம். ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுத்தடுத்த பதிப்புகள் வந்தன, என் பேட்ச் பொருந்தாமல் போயிற்று. பெரியவருக்கு ‘முடியாது’ என்பது கிடைத்தது. எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் இந்தக் கட்டுரை முளைத்தது.

சட்டப்படி யாருக்கும் எந்தக் கடனும் இல்லை. கட்டற்ற மென்பொருள் உரிமங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ‘உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இன்றி’ என்று எழுதியிருக்கும். இதைக் காட்டி வாயை அடைப்பவர்கள் ஒரு கட்சி. கீதையைக் காட்டி அடைப்பவர்கள் இன்னொரு கட்சி. நம் ஊரில் இவர்கள்தான் அதிகம். செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, பலனை ஏன் எதிர்பார்க்கிறாய் என்பார்கள். கொடுப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய உபதேசம் அது. வாங்கும் இடத்தில் இருப்பவன் கொடுத்தவனைப் பார்த்து அதைச் சொன்னால் வெறும் சாமர்த்தியம். கண்ணன் சொன்னான், சரி. துரியோதனன் சொல்லியிருந்தால் அர்ஜுனன் கேட்டுக்கொண்டிருப்பானா?

தானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தாவிடம் பார்த்தது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் புரோகிதர். தானம் வாங்குவதுதான் பிழைப்பு, ஆனால் வாங்குவதற்கு அப்படிப் பயப்படுவார். அரிசி, வாழைக்காய், வேட்டி என்றால் பாதகமில்லை. எள், இரும்பு, எருமை என்றால் முகம் மாறிவிடும். சாவு நடந்த வீட்டில் பதினோராம் நாள் ஏகோத்திஷ்டத்துக்கு இலையில் உட்கார ஆள் தேடுவது அந்த வட்டாரத்தில் பெரும் பாடு. வேறு வழியில்லாமல் கனமான தானம் ஒன்றை வாங்கிவிட்டால், குளித்துவிட்டு காயத்ரி ஜபத்துக்கு உட்காருவார். தானத்தின் கனத்துக்குத் தக்கபடி எண்ணிக்கை ஏறும். “ஒரு படி எள்ளுக்கு இத்தனை ஜபமா?” என்று பாட்டி கேட்பாள். “கொடுத்தவன் கையை அலம்பிண்டு போயிட்டான். இனிமே இது என் கணக்கு” என்பார்.

பின்னால் படித்தபோது இதற்கு ஒரு ஆய்வு மரபே இருப்பது தெரிந்தது. மார்செல் மாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-ல் எழுதிய கட்டுரையில், பழஞ்சமூகங்களில் கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பித் தருவது மூன்றுமே கட்டாயம் என்றார். ஜோனதன் பாரி 1986-ல் காசிப் புரோகிதர்களை வைத்து, இந்தியத் தானம் அந்தக் கணக்கில் அடங்காது என்று காட்டினார். இங்கே தானம் திரும்பி வரக் கூடாது. அதோடு கொடுத்தவனின் பாவமும் போகிறது, அது வாங்கியவனிடம் தேங்குகிறது. குளோரியா ரஹேஜா 1988-ல் உத்தரப்பிரதேசக் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே தானத்தை நஞ்சோடு சேர்த்துவிட்டார். தர்ம சாஸ்திரங்களில் ஒதுக்க வேண்டியது நிறைய இருக்கிறது, ஒதுக்கியும் விட்டேன். ஆனால் வாங்கத் தகுதி இருப்பவனும் வாங்கும் பழக்கத்துக்கு அஞ்ச வேண்டும் என்ற ஒரு எச்சரிக்கையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் பேட்சும் அந்த ஜாதி தானம்தான். கொடுத்தவன் கையை அலம்பிக்கொண்டு போய்விடுவான். அந்த வரிகள் இருக்கும்வரை அவற்றின் கணக்கு வாங்கியவனுடையது. இணையத்தில் ரகசியம் காக்க உதவும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரலுக்கு அப்படி ஒரு பங்களிப்பு 2011 டிசம்பர் 31 அன்று சேர்க்கப்பட்டது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இரு கணினிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் வசதி. எத்தனை எழுத்து அனுப்புகிறேன் என்று எதிராளி சொல்வது உண்மையா என்று சரிபார்க்கும் வரி அதில் விட்டுப்போயிருந்தது, சேர்த்தவர் கண்ணிலும் படவில்லை. 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்போடு உலகமெங்கும் போனது. 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் என்ற பெயரில் வெடித்தது. வாங்கியவன் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று உலகமே திட்டியது. அப்போது அந்தத் திட்டத்துக்கு வருடத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்.

ஆகவே பேட்ச் கொடுத்தவனுக்கு ஏற்றுக்கொள்ளச் சொல்லும் உரிமை கிடையாது. பராமரிப்பாளர் தயங்குவதைப் பார்த்துத் திமிர் என்கிறவர்கள் எள் தானம் வாங்கிப் பார்த்ததில்லை. ஆனால் தாத்தா ஒன்றை மட்டும் செய்ததே இல்லை. தானம் கொண்டு வந்தவனை வாசலில் நிற்க வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கமாகப் போனதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்பார், முடிந்தால் இன்னாரைப் போய்ப் பார் என்பார்.

மௌனமும் ஒரு பதில்தானே என்று கேட்கலாம். பதிலாக இருக்கலாம், முன்கூட்டியே அப்படிப் பேசி வைத்திருந்தால். புத்தர் விருந்துக்கு அழைத்தவர்களுக்குப் பேசாமல் இருந்தே சம்மதம் சொன்னார் என்று பாலி நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பௌத்த சங்கத்தில் முக்கியமான தீர்மானத்தை மூன்று முறை அறிவித்து, உடன்படாதவர் பேசுக என்பார்கள். யாரும் பேசாவிட்டால் நிறைவேறியது. அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு உண்டு. இதைச் செய்யப்போகிறேன் என்று ஒருவர் அறிவித்து, வழக்கமாக 72 மணி நேரம் காத்திருந்து, எதிர்ப்பு வராவிட்டால் செய்துவிடலாம். இரண்டு இடத்திலும் மௌனத்துக்குப் பொருள் முதலிலேயே நிச்சயம் செய்யப்பட்டிருக்கிறது. பேட்சுக்கு வரும் மௌனத்துக்கு அது இல்லை. மறுப்பா, மறதியா, ஊரில் இல்லையா, உடம்பு சரியில்லையா, எதுவும் தெரியாது. அனுப்பியவன் தனக்குத் தோன்றிய பொருளைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பெரும்பாலானவர்கள் ‘நான் லாயக்கில்லை’ என்ற பொருளைப் போட்டுக்கொண்டு திரும்பி வராமல் போகிறார்கள்.

இந்த மௌனத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்த புண்ணியவான்களும் இருக்கிறார்கள். கிட்ஹப்பில் கிடைக்கும் ஒரு கருவி, அமைப்பை மாற்றாமல் விட்டால், 60 நாள் அசையாத அறிக்கைக்குப் ‘பழசு’ என்று முத்திரை குத்தி, மேலும் 7 நாளில் மூடிவிடும். யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. நெட்ஸ்கேப் காலத்து நிரலர் ஜேமி ஸவின்ஸ்கி 2003-லேயே க்னோம் திட்டத்தைப் பார்த்து இதற்காகக் கொதித்தார்; புதிதாக எழுதிவிட்டோம் என்று சொல்லிப் பழைய பிழைகளைப் படிக்காமலே கூட்டமாக மூடினார்கள் என்று. லிப்ரெஆஃபீஸிலும் தானியங்கிக் கடிதம் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் யாரும் தொடாத அறிக்கை என்றால், இன்றைய பதிப்பில் மறுபடி சோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்கும். எனக்கு அந்தக் கடிதமும் பிடிக்காது. ஆனால் அது கேட்கிறது, மூடிவிட்டுப் போகவில்லை. அந்த வித்தியாசம் பெரிது.

இதுவரை சொன்னது சுலபம். பதில் சொல்வது கடன் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பேன், எக்ஸ்இசட் விவகாரம் நடக்காமல் இருந்தால்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் நிரல். சின்னதுதான், ஆனால் அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதைப் பராமரித்தவர் ஃபின்லாந்துக்காரர், ஒற்றை ஆள். 2022-ல் பேட்சுகள் தேங்கியிருந்தன. முன்பின் தெரியாத சில பெயர்கள் வந்து நச்சரிக்க ஆரம்பித்தன. பேட்சுகள் கிடக்கின்றனவே, உமக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளிடம் ஒப்படைத்துவிடும் என்று. அவர் பதில் சொன்னார். ஆர்வம் போகவில்லை, நீண்ட காலமாக மனநலம் சரியில்லாததால் முன்போல் முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று. ஒரு மனிதன் அதற்கு மேல் எப்படித் திறந்து பேச முடியும்? நச்சரிப்பு நிற்கவில்லை. அதே சமயம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, ஒழுங்கான பேட்சுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பொறுப்பு மெல்ல அவர் கைக்குப் போயிற்று. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0-லும் மார்ச்சில் வந்த 5.6.1-லும் கள்ளக் கதவு இருந்தது. நச்சரித்த பெயர்களும் ஜியா டானும் ஒரே கூட்டம் என்றே பலரும் கருதுகிறார்கள்.

அவர்கள் உடைத்தது கடவுச்சொல்லை அல்ல. கிடக்கும் பேட்சுகளைப் பார்த்து நல்ல மனிதனுக்கு உண்டாகும் குற்ற உணர்ச்சியைச் சாவியாக்கிக்கொண்டார்கள். பதில் சொல்வது கடன் என்று நான் உரக்கச் சொன்னால், அடுத்த கூட்டத்துக்கு நானே ஆயுதம் எடுத்துக் கொடுத்தவனாவேன். இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தயாரித்த போலிப் பிழை அறிக்கைகள் வேறு வந்து குவிகின்றன. கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பர்க் அதைப் பற்றி வெளிப்படையாகவே புலம்பியிருக்கிறார். தான் படித்தே பார்க்காததை அனுப்புகிறவன் எதையும் கொடுக்கவில்லை, ஆகவே அவனுக்கு எந்தக் கடனும் கிடையாது. அது எளிய வழக்கு. ஜியா டான் எளிய வழக்கு அல்ல. அவர் கொடுத்ததில் பெரும்பகுதி நல்ல சரக்கு.

அந்தக் கதவைக் கண்டுபிடித்தது எப்படி என்பது எனக்கு இன்னும் பெரிய பாடம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தை எழுதுகிறவர்களில் ஒருவர். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அதன் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். சில வாரங்களுக்கு முன்பு, நினைவகப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்ட் என்ற கருவி ஏதோ விசித்திரமாக முறையிட்டதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அதே கருவி 2006-லும் முறையிட்டது. அப்போது டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல் நிரலைப் பார்த்துக்கொண்டவர் அந்த முறையீட்டை அடக்க இரண்டு வரிகளை நீக்கினார். நீக்கலாமா என்று மூலத் திட்டத்தாரிடம் கேட்கவும் கேட்டார். சரி என்கிற மாதிரி ஒரு பதிலும் வந்தது. விளைவு, 2008 மே மாதம் வெளிச்சத்துக்கு வரும்வரை, அந்த டெபியனில் உண்டாக்கிய ரகசியச் சாவிகளின் வகை சில பத்தாயிரங்களுக்குள் சுருங்கிக் கிடந்தது. ஆகவே பதில் என்று ஏதோ ஒன்றை வீசிவிட்டால் கடன் தீராது. படித்துச் சொன்ன பதில் வேண்டும். அதற்கு நேரமும் உடம்பும் வேண்டும், அவை இல்லாதவன் என்ன செய்வான்?

விலக வேண்டும். நம் மரபில் விலகுவதற்கு முறை இருக்கிறது. சன்னியாசம் கொள்கிறவன் ராத்திரியில் சுவர் ஏறிக் குதித்து ஓடுவதில்லை. மூன்று கடன்களைத் தீர்த்த பிறகு வா என்கிறது சாஸ்திரம். தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்ள வேண்டும். துறந்தேன் என்பதை மெல்லிய குரலில், நடுக்குரலில், உரத்த குரலில் என மூன்று முறை சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவனும் தூரத்தில் இருப்பவனும் கேட்க வேண்டும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம். இனி இவனிடம் யாரும் கடன் கேட்டு வர முடியாது, இவன் பெயரைச் சொல்லி யாரும் காத்திருக்கவும் வேண்டாம்.

டெபியனில் இதற்கு நிகரான சடங்கு இருக்கிறது. ஒரு பொதியைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் அதை ‘அநாதை’ என்று பொதுவில் பதிவு செய்கிறார். பராமரிப்பாளர் பெயர் இருந்த இடத்தில் தரக் குழுவின் பெயர் வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் ‘உதவி தேவை’, ‘தத்தெடுக்க ஆள் தேவை’ என்று முந்தைய படிகளும் உண்டு. லினக்ஸ் கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலும் ஒவ்வொரு பகுதிக்கு நேரே அதன் நிலை இருக்கும். அநாதை என்பது அதில் ஒன்று. திருடன் இந்த வழியாகவும் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்இசட்டில் பொறுப்பு போனது நச்சரிப்பின் நடுவே, அப்போது பக்கத்தில் நின்றவர் கைக்கு. அறிவித்து விட்டால் அநாதைக் குழந்தை எல்லோர் கண்ணிலும் படுகிறது, யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஊர் பார்க்கும். 1997-ல் எழுதிய தங்கள் சமூக ஒப்பந்தத்தில் டெபியன்காரர்கள் குறைகளை ஒளிக்க மாட்டோம் என்று சொன்னதற்கு, இந்த அநாதைப் பட்டியலே சரியான அத்தாட்சி என்பேன்.

கொடுப்பவர் பக்கத்தையும் கட்டிப்போட்டது போஸ்ட்கிரெஸ் ஒன்றுதான், நான் பார்த்த வரையில். வருடத்தில் சில மாதங்களைப் பேட்சுகளுக்கென்றே ஒதுக்கி, கமிட்ஃபெஸ்ட் என்று நடத்துகிறார்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு நிலை: பார்வைக்குக் காத்திருக்கிறது, எழுதியவரிடம் இருக்கிறது, கருத்தோடு திருப்பப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. மாதம் முடிந்தால் கிடப்பது என்று எதுவும் இருக்கக் கூடாது, அடுத்த சுற்றுக்காவது தள்ளியாக வேண்டும். பேட்ச் கொடுக்கிறவர் தன்னுடையதைப் போலவே கனமுள்ள இன்னொருவர் பேட்ச் ஒன்றையாவது படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். தானம் கொடுத்தவனையே வாங்கும் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அங்கேயும் தேக்கம் இருக்கிறது, சலிப்பு இருக்கிறது. ஆனால் கையை அலம்பிக்கொண்டு போக முடியாது.

என் தீர்ப்பு இது. 2004-ல் சிறுபடம் கேட்டவர்களுக்குச் சிறுபடத்தில் பாத்தியதை இல்லை. எழுதிக் கொடுத்தவர்களுக்கு, ‘அடித்தளம் மாறும்வரை இது முடியாது, காத்திருக்க வேண்டாம்’ என்ற வாக்கியத்தில் பாத்தியதை இருந்தது, அதுவும் முதல் பேட்ச் வந்தபோதே. பராமரிப்பாளராக இருந்து இதைப் படிப்பவர்கள், முடியவில்லை என்றால் பட்டியலில் போய் உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. சொன்னால், அவர்களிடம் பொறுப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நீங்கள் தினமும் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் பிழைப் பட்டியலைத் திறந்து, தமிழ் சம்பந்தப்பட்ட பழைய அறிக்கை ஒன்றை எடுங்கள். அதில் சொன்னபடி உங்கள் கணினியில் செய்து பாருங்கள். ‘இன்னும் வருகிறது’ அல்லது ‘இப்போது வரவில்லை’ என்று ஒரு வரி எழுதி, எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.